ஒன்றரை மி.மீ. ஓட்டையில் மரை: சின்ன டேப், டை வாங்குவது எப்படி

ஓட்டைக்குள் மரை வெட்டுவது டேப், கம்பியின் மேல் மரை வெட்டுவது டை. எம்3-க்கு (3 மி.மீ. விட்ட மெட்ரிக் மரை) மேல் போனால் டேப் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும், சுமாரான டேப்பும் வேலையை முடித்துவிடும். அதற்குக் கீழே அப்படி இல்லை. எம்1.6 டேப்பின் உள்தண்டு சுமார் 1.17 மி.மீ., எம்3-க்கு சுமார் 2.39 மி.மீ. விட்டம் பாதியானால் முறுக்கைத் தாங்கும் வலு எட்டில் ஒரு பங்காகிவிடும், ஏனென்றால் அது விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் குறைகிறது. பெரிய டேப்பில் தெரியாமல் போகிற குறைகள், அதாவது மழுங்கிய வெட்டுமுனை, கோணலான தண்டு, பத்தில் ஒரு மி.மீ. சிறுத்துப்போன ஓட்டை எல்லாமே சின்ன டேப்பில் ஒரே "டிக்" சத்தத்தில் முடியும்.

தமிழ்நாடு-கேரள எல்லையான வாளையாறுக்கு இரண்டு பக்கமும் இந்த அளவில் வேலை செய்கிறவர்கள் நிறைய. மூக்குக் கண்ணாடி ஃப்ரேம் சரிசெய்பவர்கள், திருகாணியும் சுரையும் செய்யும் பொற்கொல்லர்கள், குறிச்சி சிட்கோவிலும் கஞ்சிக்கோட்டிலும் மீட்டர், வால்வு, கன்ட்ரோல் பாகங்கள் செய்யும் சிறு பட்டறைகள், திருப்பூருக்குத் தையல் மெஷின் பார்க்கும் மெக்கானிக்குகள் எல்லோரும் இதில் உண்டு. கருவி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் மரை ஒன்றல்ல. வாங்குவதில் முதல் தவறு அங்கேதான் நடக்கிறது.

கடைக்குப் போகும் முன் மரையை அளந்துகொள்ளுங்கள்

கையிலிருக்கும் ஸ்க்ரூவின் வெளிவிட்டத்தை மட்டும் பார்த்து டேப் வாங்கக் கூடாது. எம்1.6 ஸ்க்ரூவை வெர்னியரில் வைத்தால் 1.60 காட்டாது. 1.5-க்கும் 1.58-க்கும் நடுவில்தான் காட்டும், ஸ்க்ரூவின் டாலரன்ஸ் (அனுமதித்த அளவு வித்தியாசம்) அப்படி. அமெரிக்க 0-80 மரையின் வெளிவிட்டம் 1.524. விட்டத்தை வைத்து இரண்டையும் பிரிக்கவே முடியாது. பிட்ச், அதாவது ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையுள்ள தூரம், பிரித்துக் காட்டும்: எம்1.6-க்கு 0.35, 0-80-க்கு 0.3175. ஐந்து பிட்சுக்கு அளந்தால் முதலாவது 1.75 மி.மீ., இரண்டாவது 1.59. ஐந்து பிட்ச் என்றால் ஆறு முகடு என்பதை மறக்க வேண்டாம், ஐந்து முகடு எண்ணி நிறுத்துகிறவர்கள்தான் அதிகம்.

இந்த வட்டாரத்தில் அடிக்கடி கைக்கு வருபவை இவை. மெட்ரிக்கில் எம்1 × 0.25, எம்1.2 × 0.25, எம்1.4 × 0.3, எம்1.6 × 0.35, எம்2 × 0.4, எம்2.5 × 0.45, எம்3 × 0.5. கண்ணாடி ஃப்ரேம் கீலில் பெரும்பாலும் 1.2, 1.4. பழைய ஜப்பானியச் சாமான்களில் எம்1.7 × 0.35, எம்2.3 × 0.4, எம்2.6 × 0.45 வரும். இவை இன்றைய பட்டியலில் முதல் வரிசை அளவுகள் இல்லை, ஆனாலும் டேப் கிடைக்கிறது. பழைய பிரிட்டிஷ் மீட்டர், ஆய்வகக் கருவிகளில் பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) மரை: 6 பி.ஏ. 2.8 × 0.53, 8 பி.ஏ. 2.2 × 0.43, 10 பி.ஏ. 1.7 × 0.35, 12 பி.ஏ. 1.3 × 0.28. பழைய தையல் மெஷின்களில் 9/64 அங்குலம் × 40, 11/64 அங்குலம் × 40 என்று அவற்றுக்கே உரிய மரை. அதற்கு மெட்ரிக் டேப்பை ஓட்டினால் பாகம் வீணாகிவிடும்.

இதில் ஏமாற்றுவது 10 பி.ஏ.-வும் எம்1.7-உம். விட்டமும் பிட்சும் ஒன்றே, மரையின் கோணம் மட்டும் வேறு. மெட்ரிக் 60 டிகிரி, பி.ஏ. 47.5 டிகிரி. ஒன்றில் ஒன்று இரண்டு மூன்று சுற்று லகுவாகப் போகும், அப்புறம் இறுகும். இறுகியபின் பலம் கொடுத்தால் பித்தளை மரை உருண்டுவிடும்.

ஒரு எளிய வழி உண்டு. எம்1.2 முதல் எம்2.5 வரை அளவு உறுதியாகத் தெரிந்த புது ஸ்க்ரூ ஒவ்வொன்று வாங்கி, பேர் எழுதிய டப்பியில் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாத ஸ்க்ரூ வந்தால் இரண்டையும் வெளிச்சத்துக்கு நேரே பல்லோடு பல் சேர்த்துப் பிடித்து லூப்பில் (சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி) பாருங்கள். முழு நீளத்துக்கும் வெளிச்சம் கசியாமல் பொருந்தினால் பிட்ச் ஒன்றுதான். பிட்ச் கேஜை விட இந்த அளவில் இது நம்பகமானது.

திருகாணிக்குப் பொது அளவே கிடையாது. அந்தந்தப் பட்டறையின் ஸ்க்ரூ பிளேட், அதாவது ஒரே தகட்டில் வரிசையாக மரை ஓட்டை போட்ட கருவி எதுவோ, அதுதான் அளவு. அதனால் நகை வேலைக்கு டேப்பும் பிளேட்டும் ஜோடியாகவே வாங்க வேண்டும். வாங்கும்போதே அதே பிளேட்டில் ஒரு கம்பிக்கு மரை போட்டு, அதே டேப்பில் போட்ட ஓட்டையில் முடுக்கிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும்.

செட் வேண்டாம், ஒற்றையாக வாங்குங்கள்

எம்1-லிருந்து எம்3.5 வரை பத்துப் பதினைந்து டேப், டை, ஒரு கைப்பிடி, பிளாஸ்டிக் பெட்டி என்று மலிவாக விற்கும் செட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் தீர்ப்பு: வேண்டாம். உங்களுக்குத் தேவை இரண்டு அல்லது மூன்று அளவுதான். அந்தப் பணத்துக்கு அந்த மூன்றையும் நல்ல தரத்தில் வாங்கிவிடலாம். செட்டில் வருவது பெரும்பாலும் கார்பன் ஸ்டீலோ வெறும் "அலாய் ஸ்டீல்" என்று எழுதியதோதான், மரையும் கிரைண்ட் செய்யப்பட்டிருக்காது. பித்தளையில் பத்து ஓட்டைக்கு வரும், எஃகில் முதல் ஓட்டையிலேயே முறியும்.

கேட்க வேண்டியது: எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்), கிரவுண்ட் மரை, அதாவது கிரைண்ட் செய்து துல்லியமாக்கிய மரை. ஸ்டெயின்லெஸில் அடிக்கடி வேலை என்றால் கோபால்ட் கலந்த எச்.எஸ்.எஸ்.-இ. டாலரன்ஸ் எம்1.6-உம் அதற்கு மேலும் 6எச், எம்1.4-உம் அதற்குக் கீழும் 5எச். இந்த எழுத்து டேப்பின் தண்டிலோ குழாய் லேபிளிலோ இருக்க வேண்டும். இல்லாத டேப் எந்த அளவில் வெட்டும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

இந்தியாவில் சென்னை அடிசன், டோட்டெம், நாக்பூர் எம்கே ஆகியவை டேப் செய்பவை. ஜப்பானின் யமாவா, ஓ.எஸ்.ஜி., ஜெர்மனியின் எமுகே ஆகியவையும் இங்கே டீலர் வழியாக வருகின்றன. கடிகார அளவுக்கு, 1 மி.மீ.-க்கும் கீழே, சுவிஸ் பெர்ஜியான் போன்ற கடிகாரக் கருவிக் கம்பெனிகள். பெயரை மட்டும் பார்த்து நிம்மதியடைய வேண்டாம், அந்தக் கம்பெனியின் எந்த வகை டேப் என்பதுதான் முக்கியம்.

வகை மூன்றுதான் உங்களுக்கு வேண்டியது. கையால் போடுகிறவர்களுக்கு நேர்ப்பள்ளம் உள்ள ஹேண்ட் டேப். மெஷினில், ஊடே போகும் ஓட்டைக்கு ஸ்பைரல் பாயின்ட், இது வெட்டிய பிசிறை முன்னால் தள்ளும். அடி மூடிய ஓட்டைக்கு ஸ்பைரல் ஃப்ளூட், இது பிசிறை மேலே இழுக்கும். இவை தவிர, பள்ளமே இல்லாமல் உலோகத்தை அமுக்கி மரை உண்டாக்கும் ஃபார்மிங் டேப் ஒன்று உண்டு. பள்ளம் இல்லாததால் அதன் உடல் கெட்டி, பிசிறும் வராது. அலுமினியத்துக்கும் செம்புக்கும் அருமை. ஆனால் ஓட்டை பெரிதாகவும் துல்லியமாகவும் இருக்க வேண்டும் (எம்2-க்கு 1.85 மி.மீ. அளவில்), முறுக்கும் கூடுதலாக வேண்டும். ஈயம் கலந்த கடைசல் பித்தளைக்கும் வார்ப்பிரும்புக்கும் அது ஆகாது.

ஹேண்ட் டேப்பில் ஒரு கண்ணி இருக்கிறது. டின் 352 என்ற ஜெர்மன் தரப்படி வரும் மூன்று டேப் செட்டில் முதலாவதின் தண்டில் ஒரு வளையக் கோடு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் கோடே இல்லை. முதல் இரண்டும் வேண்டுமென்றே சிறுத்து வெட்டுபவை. கடைக்காரர் செட்டைப் பிரித்து ஒற்றையாகக் கொடுக்கும்போது கோடு உள்ளதைக் கொடுத்துவிட்டால், ஓட்டையில் மரை அழகாகத் தெரியும், ஸ்க்ரூ மட்டும் ஏறாது. ஓட்டையைப் பெரிதாக்கி, ஸ்க்ரூவைத் தேய்த்து, நேரமெல்லாம் போகும். ஒற்றை வாங்கினால் கோடில்லாத மூன்றாவது டேப், அதாவது ஃபினிஷர், இல்லையென்றால் மூன்றும்.

லூப்பில் என்ன பார்ப்பது

பத்து மடங்கு லூப் ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். டேப்பைக் குழாயிலிருந்து எடுத்து எண்ணெயைத் துடையுங்கள். முதலில் நுனி. சாய்வாகச் சீவிய முதல் சில பற்கள் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரே உயரத்தில் தொடங்க வேண்டும். ஒரு பக்கம் மூன்றாவது பல் முழுதாகியும் மறுபக்கம் முதல் பல்லே முழுதாகியும் இருந்தால், வெட்டுகிற வேலையெல்லாம் ஒரே பக்கத்தில் விழும். அந்த டேப் ஓட்டையில் சாயும், முறியும். அடுத்து வெட்டுமுனை: பள்ளத்தின் ஓரத்தில் வெளிச்சம் பட்டு வெள்ளைக் கோடாக மின்னினால் அது மழுங்கியிருக்கிறது. கூரான முனையில் வெளிச்சம் நிற்காது. பள்ளத்துக்குள் பிசிறு தொங்கினாலும், மரைப் பக்கவாட்டில் அலை அலையாகக் கோடு தெரிந்தாலும் திருப்பிக் கொடுங்கள்.

கடைக் கவுண்டர் கண்ணாடியின் மேல் தண்டை உருட்டிப் பாருங்கள். நுனி சுற்றி ஆடினால் டேப் நேராக இல்லை. எம்1.6-க்கு இது சின்னக் குறை அல்ல.

டை என்றால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். எல்லா வெட்டுப் பற்களும் ஒரே அகலத்தில், ஓட்டை டையின் நடுவில் இருக்க வேண்டும். வெளிவிட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். எம்1 முதல் எம்2.5 வரை மெட்ரிக் டையின் வெளிவிட்டம் 16 மி.மீ., எம்3 டைக்கு 20 மி.மீ. பி.ஏ. டை பெரும்பாலும் 13/16 அங்குலம், அதாவது 20.6 மி.மீ. கைப்பிடி எதற்கு இருக்கிறதோ அதற்குத்தான் டை. 20.6 பிடியில் 20 டையைப் போட்டு ஸ்க்ரூவை இறுக்கினால் டை ஓரமாக நகர்ந்து உட்காரும், மரை குடித்தவன் நடைபோல் வரும். பிளந்த டை வாங்கினால் அளவைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம். பிளவில் இறங்கும் நடு ஸ்க்ரூ விரிக்கும், பக்கத்து ஸ்க்ரூக்கள் சுருக்கும்.

உண்மையைச் சொன்னால் டை கடைசியாக வாங்க வேண்டிய சாமான். எம்1.6, எம்2 ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ ரெடிமேடாகவே கிடைக்கிறது, அதன் மரை உருட்டி உண்டாக்கியது, நீங்கள் டையில் வெட்டுவதை விட வலுவானது. பழைய மீட்டருக்கு, நகைக்கு, விசித்திரமான தலை வேண்டும் என்பவர்களுக்குத்தான் டை.

எங்கே வாங்குவது

கோவையின் இண்டஸ்ட்ரியல் டூல்ஸ் கடைகளில் எம்2, எம்2.5, எம்3 கையிருப்பில் இருக்கும். எம்1.2, எம்1.4, பி.ஏ. எல்லாம் சொல்லிவைத்துத்தான் வரும். சென்னை பாரிமுனைக் கடைகளில் அல்லது கம்பெனி டீலரிடம் பட்டியல் எண்ணோடு ஆர்டர் கொடுப்பது நல்லது. ஸ்க்ரூ பிளேட்டுக்குப் பொற்கொல்லர் கருவிக் கடைகள், கோவையிலும் திருச்சூரிலும் உண்டு. கோவையில் "அண்ணா, எம்1.6 ஃபினிஷர் ஒண்ணு, கிரவுண்ட் மரை, 6எச்" என்றால் போதும். பாலக்காட்டுப் பக்கம் மரை என்றால் சிலருக்கு உடனே பிடிபடாது. அங்கே "பிரி". "சேட்டா, பிரி போடற டேப்" என்றால் அலமாரி திறக்கும். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜிஎஸ்டி பதிவுள்ள பட்டறைக்காரர்கள் எல்லை தாண்டி வாங்கும்போது பில்லில் கவனம் வைக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவை வைத்துக்கொண்டு கேரள எஸ்ஜிஎஸ்டி போட்ட பில் வாங்கினால் அந்த வரியை வரவாக எடுக்க முடியாது. உங்கள் எண்ணைக் கொடுத்து ஐஜிஎஸ்டி பில் கேளுங்கள். எதிர்ப்பக்கத்துக்கும் இதே கதைதான்.

ஆன்லைனில் வாங்கினால் படத்தை நம்பாதீர்கள். உலோகம், கிரவுண்ட் மரையா, டாலரன்ஸ் என்ன, டை என்றால் வெளிவிட்டம் என்ன, நான்கும் எழுத்தில் இருந்தால் வாங்குங்கள். முறிந்த டேப்பை யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள். அதனால் வந்த அன்றே லூப்பில் பார்த்துவிட்டு, பித்தளைத் துண்டில் ஒரு ஓட்டை போட்டுப் பாருங்கள்.

டேப்போடு சேர்த்து வாங்க வேண்டியவை

டேப் முறிவதற்குப் பெரும்பாலும் டேப் காரணமில்லை, ஓட்டைதான் காரணம். ஒவ்வொரு டேப்புக்கும் அதற்குரிய டிரில் பத்து வாங்கி, டேப் குழாயோடு சேர்த்தே வையுங்கள். எம்1-க்கு 0.75 மி.மீ., எம்1.2-க்கு 0.95, எம்1.4-க்கு 1.1, எம்1.6-க்கு 1.25, எம்2-க்கு 1.6, எம்2.5-க்கு 2.05, எம்3-க்கு 2.5. இது பித்தளைக்கும் அலுமினியத்துக்கும். எஃகு, ஸ்டெயின்லெஸ் என்றால் கொஞ்சம் பெரிதாக்குங்கள்: எம்1.6-க்கு 1.3, எம்2-க்கு 1.65, எம்2.5-க்கு 2.1. எம்1.6-க்கு 6எச் படி உள்விட்டம் 1.221 முதல் 1.321 வரை இருக்கலாம். 1.3 அதற்குள்தான் வருகிறது. மரையின் ஆழம் 77 சதவீதத்திலிருந்து 66-க்குக் குறையும், பிடிப்பில் பெரிதாக ஒன்றும் தெரியாது, டேப்புக்கு ஏறும் சுமை நன்றாகக் குறையும். மரை நீளமும் அப்படித்தான். விட்டத்தைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு போதும், எம்1.6-க்கு 3 மி.மீ.-க்கு மேல் போடுவது டேப்பைப் பணயம் வைப்பதுதான்.

கைப்பிடியாக 3 மி.மீ. வரை பிடிக்கிற பின் வைஸ் (விரலால் சுற்றும் சின்னப் பிடி) வாங்குங்கள். எம்1.6, எம்2 டேப்பின் தண்டு 2.5 அல்லது 2.8 மி.மீ. இருக்கும், சில பின் வைஸ் 2.5-க்கு மேல் வாய் திறக்காது. நீளக் கை வைத்த டேப் ரென்ச்சை இந்த அளவுக்குத் தொடவே வேண்டாம். விரல் நுனியில் இறுக்கம் தெரிய வேண்டும், நீளக் கை அந்த உணர்வை மறைத்துவிடும்.

போடும் முறை

பெஞ்ச் டிரில்லில் உள்ள மேல் வேகத்தில் ஓட்டை போடுங்கள். அடிக்கடி டிரில்லை மேலே எடுத்துப் பிசிறை உதறுங்கள். ஓட்டை முடிந்ததும் வேலையை வைஸிலிருந்து அசைக்காதீர்கள். டிரில்லைக் கழற்றி அதே சக்கில் டேப்பை மாட்டுங்கள், மெஷினின் பிளக்கைப் பிடுங்குங்கள், சக்கைக் கையால் சுற்றி, இன்னொரு கையால் லீவரை லேசாக இறக்கி மூன்று நான்கு சுற்று இறக்குங்கள். இப்போது டேப் நேராகப் பிடித்துவிட்டது. சக்கைத் தளர்த்தி விட்டு மீதியைப் பின் வைஸால் முடியுங்கள். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. இறுக்கம் கூடினால் பலம் வேண்டாம். முழுவதும் வெளியே எடுத்துப் பள்ளத்தைத் தூரிகையால் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

எஃகுக்கு கட்டிங் ஆயில், ஸ்டெயின்லெஸுக்கு கெட்டியான கந்தகக் கட்டிங் ஆயில், அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய், தங்கம் வெள்ளிக்குத் தேன்மெழுகு. பித்தளை காய்ந்தபடியே வெட்டும். தேங்காய் எண்ணெய் அவசரத்துக்கு உதவும், ஆனால் டேப்பில் அப்படியே விட்டுவைத்தால் பிசுக்காகிப் பள்ளத்தில் ஒட்டும்.

டையில் போடும்போது கம்பி, பேர் அளவை விடக் கொஞ்சம் மெலிந்திருக்க வேண்டும்: எம்1.6-க்கு சுமார் 1.56, எம்2-க்கு 1.95. நுனியைக் கூம்பாகச் சீவுங்கள், வைஸுக்கு வெளியே ஐந்தாறு மி.மீ.-க்கு மேல் நீட்டாதீர்கள். எழுத்துள்ள முகம் கம்பியைப் பார்க்கட்டும். முதல் தடவை டையை விரித்து வைத்து வெட்டி, பிறகு சுருக்கி இன்னொரு முறை ஓட்டினால் மரை சுத்தமாக வரும். காய்ச்சி மென்மையாக்கிய தங்கக் கம்பியும் வெள்ளிக் கம்பியும் டையில் முறுக்கிக்கொள்ளும், இழுத்துக் கெட்டிப்படுத்திய கம்பியே நல்லது.

முறிந்துவிட்டால்

துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கூரான இடுக்கியால் பின்னோக்கித் திருப்புங்கள். உள்ளே முறிந்திருந்து வேலை பித்தளை, தங்கம், வெள்ளி என்றால் நாட்டு மருந்துக்கடைப் படிகாரம் போதும். கண்ணாடிக் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, கரையும் வரை படிகாரம் போட்டு, வேலையை மூழ்க வைத்து, கொதிக்கும் நிலைக்குச் சற்றுக் கீழே சூடாகவே வைத்திருங்கள். படிகாரம் எஃகைத் தின்னும், பித்தளையைத் தொடாது. கார்பன் ஸ்டீல் துண்டு சில மணி நேரத்தில் கறுத்துக் கரைய ஆரம்பிக்கும், எச்.எஸ்.எஸ். நாள்கணக்கில் பிடிக்கும். எஃகுப் பாகம் ஏதாவது வேலையில் ஒட்டியிருந்தால் முதலில் கழற்றுங்கள். முத்து, பவளம் பதித்த நகையை இதில் போடவே கூடாது, அமிலத்தன்மை அவற்றைக் கெடுத்துவிடும். வேலையே எஃகு என்றால் படிகாரம் இரண்டையும் சேர்த்துத் தின்னும். கோவையில் ஸ்பார்க் ஈரோஷன் (மின்பொறியால் உலோகத்தை அரிப்பது) செய்கிற இடத்துக்குக் கொண்டுபோங்கள், பாகத்தின் விலை அதைத் தாங்கினால் மட்டும்.

ஜூன் முதல் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசும் மாதங்களில் திறந்த பெட்டியில் கிடக்கும் டேப்பின் முனையில் ஒரே வாரத்தில் துரு பூக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துருவே கூர்முனையைத் தின்றுவிடும். வேலை முடிந்ததும் மண்ணெண்ணெயில் கழுவி, மெல்லிய மெஷின் ஆயில் தடவி, வந்த குழாயிலேயே மூடி வையுங்கள். குழாயின் மேல் அளவையும் அதற்குரிய டிரில்லையும் மார்க்கரில் எழுதிவிட்டால் அடுத்த முறை தேட வேண்டியதில்லை.